அறுபத்தொன்றாம் நாள்

வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்பது பழம்பெயர். புள்ளாகிய சடாயு, இருக்கு வேதம், வேளாகிய முருகப்பெருமான், ஊர் என்னும் பெயர்கொண்ட சூரியன் ஆகியோர் வழிபட்ட தலம் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். அங்கே பெருமான் வைத்தியநாதன். அம்பிகை தையல்நாயகி கையில் தைலப் பாத்திரம் ஏந்தி அவனுடன் வந்தவள். 4,448 நோய்களையும் தீர்க்கும் மருத்துவன் என்று நம் முன்னோர் அவனைப் போற்றினார்கள். அத்தலத்துத் திருச்சாந்துருண்டையை அன்பர்கள் பலரும் அறிவார்கள். மண்ணும் திருநீறும் சித்தாமிர்தத் தீர்த்தமும் சேர்த்து உருட்டி, சந்நிதியில் வைத்து வழிபட்டுத் தருவது அது. சங்கரன்கோவிலில் புற்றுமண்ணே பிரசாதம். மண் மருந்தாகும் என்பது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. என் மனைவி காலையும் இரவும் உட்கொள்ளும் மருந்துகளுள் முதன்மையானதும் மண்ணிலிருந்து வந்ததே. டாக்ரோலிமஸ் என்பது அதன் பெயர். 1984-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில், சுகுபா என்னும் ஊரின் பக்கத்தில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மருந்தின் பெயரில் உள்ள முதலெழுத்தே அவ்வூரைக் குறிப்பதுதான். இச்செய்தியை நான் படித்துச் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே, “தையல்நாயகி ஜப்பான் வரைக்கும் போயிருக்கிறாள்” என்றாள்.

இரண்டு ஆண்டு டயாலிசிஸ் செய்துகொண்டு, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசையில் காத்திருந்து, 2024-ஆம் ஆண்டு ஆவணி முதல் வாரத்தில் அவளுக்குச் சென்னையில் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் மூளைச்சாவு அடைந்த ஒருவர். பெயரும் ஊரும் எங்களுக்குச் சொல்லப்படவில்லை; சொல்லக் கூடாது என்பதே முறை. பழுதுபட்ட பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவை அப்படியே இருக்க, புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைக்கிறார்கள். ஆகவே அவள் உடம்பில் இப்போது மூன்று சிறுநீரகங்கள் இருக்கின்றன.

அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் உறவினர் நினைக்கிறார்கள். உடம்பு அப்படி நினைப்பதில்லை. வந்த உறுப்பை அது அயலான் என்றே கருதி ஓயாமல் எதிர்க்கும். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் என்பதே. உடம்பு வேற்றுமை காணவில்லை. மற்றவர்க்கு அந்த எதிர்ப்பை அடக்கி வைக்க மருந்து வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன் என்னும் மூன்றும் அதற்காக. இவற்றை நிறுத்தினால் உறுப்பு போய்விடும். நம் நாட்டில் 1971-இல் வேலூரில் இந்த அறுவை வெற்றிபெற்ற காலத்தில் இவற்றுள் டாக்ரோலிமஸ் கிடையாது. இன்று கிடைக்கிறது. கிடைப்பதை நாள் தவறாமல் வாங்கி, வேளை தவறாமல் கொடுப்பதுதான் எங்கள் வீட்டுக் கடமை.

காலை ஒன்பது மணி, இரவு ஒன்பது மணி. இடையே பன்னிரண்டு மணி நேரம். கோயிலில் காலசந்தியும் அர்த்தசாமமும் எவ்வாறு மாறுவதில்லையோ அவ்வாறு இதுவும் மாறக் கூடாது. இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் உடம்பு எதிர்க்கும்; கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமலே ஆய்வுக்கூடம் சென்று, இரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்னிரவு போட்டதற்குப் பன்னிரண்டு மணி கழித்து எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதைக் காண்பதே அச்சோதனை. இதை அறியாமல் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து, கணக்குத் தவறிய அளவைக் கண்டு கலங்கும் குடும்பங்களை ஆய்வுக்கூட வாசலில் பார்த்திருக்கிறேன்.

பக்தர்க்கு இதில் வேறு சில சங்கடங்களும் உண்டு. நோயெதிர்ப்பு ஆற்றலை மருந்தே குறைத்து வைத்திருப்பதால், காய்ச்சாத நீர் ஆகாது. தீர்த்தம் காய்ச்சாத நீர். பலர் கைபட்ட பஞ்சாமிர்தமும் ஆகாது. நாற்பது ஆண்டாகச் செவ்வாய்க்கிழமைதோறும் தையல்நாயகியைத் தரிசித்துவந்தவள், மருத்துவர் அனுமதி தந்து முதன்முறை சந்நிதிக்குப் போனபோது, உள்ளங்கையைக் குவித்து நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றாள். நான் குருக்களிடம் செய்தியைச் சொன்னேன். அவர் சற்றும் தயங்கவில்லை. “அம்மா, சிரசிலே புரோட்சணம் பண்ணிக்கோங்கோ, அதுவும் தீர்த்தம்தான்” என்று தெளித்துவிட்டார். திருச்சாந்துருண்டையை வாங்கி வீட்டுப் பூசையறையில் வைத்திருக்கிறாள். நெய்வேத்தியமான வெண்பொங்கல் சூடாக இருந்தால் மருத்துவர் தடை சொல்லவில்லை. ஏகாதசிக்கு நீரும் அருந்தாமல் இருந்தவள், இப்போது நீர் குறையக் கூடாது என்பதால் அதை விட்டுவிட்டாள். திருவிழாக் கூட்டத்தை விட்டு, நடை திறந்ததும் போய் வருகிறோம். பம்பளிமாசுப் பழம் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்பதால் அது வீட்டுக்குள் வருவதில்லை. மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும், யாரோ சொல்லிக் காய்ச்சும் கஷாயங்களும் அப்படியே. நம் வயதில் மூட்டுவலி இல்லாதவர் யார்? கேட்காமல் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி மருந்துக் கடைக்கு வருகிறேன். சிற்றூர்க் கடைகளில் இம்மருந்துகளை இருப்பு வைப்பதில்லை. சொல்லி வைத்து, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒருமுறை கடைக்காரத் தம்பி வேறொரு நிறுவனத்தின் பட்டையை எடுத்துக் கொடுத்து, “சார், இதுவும் அதே மருந்துதான், கம்பெனிதான் வேற, விலையும் கம்மி” என்றார். நல்ல மனத்துடன்தான் சொன்னார். நான் அங்கிருந்தே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். மலிவான மருந்து கெட்ட மருந்து அன்று. ஆனால் நிறுவனம் மாறினால் இரத்தத்தில் ஏறும் அளவு சற்று மாறலாம், மாற்றுவதானால் எங்களிடம் சொல்லி மாற்றி, பத்து நாளில் அளவு பாருங்கள் என்றார்கள். தம்பியிடம் இதை விளக்கினேன். அன்று முதல் சீட்டில் எழுதிய பெயரையே வரவழைத்துத் தருகிறார். மாத்திரை பத்து நாளைக்கு இருக்கும்போதே அடுத்த மாதத்துக்குச் சொல்லிவிடுவேன். மழைக்காலமானால் பதினைந்து நாளைக்கு முன்னரே. பயணம் போனால் பாதி அவள் கைப்பையிலும் பாதி என் பையிலும் இருக்கும். ஒரு பை தொலைந்தாலும் வேளை தொலையாது.

இத்தனைக்கும் செலவு உண்டு. முதலாண்டில் மாத்திரைக்கு மட்டும் மாதம் ரூ. 14,000 ஆயிற்று. அரசு மருத்துவமனையில் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இம்மருந்துகளை அங்கேயே இலவசமாகத் தருகிறார்கள். ஆண்டு வருமானம் ரூ. 1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உறுப்பு மாற்று அதில் அடங்கும். நாங்கள் இரண்டிலும் சேராத இடைப்பட்டவர்கள். ஒரு தனியார் நிறுவனத்தில் முப்பது ஆண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்ற எனக்கு, 2013-ஆம் ஆண்டு மார்கழியில் எடுத்த குடும்ப மருத்துவக் காப்பீடு ஒன்றுதான் துணை.

அறுவைக்கான தொகையில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கே கட்டிவிட்டது. அதற்குக் குறை சொல்ல மாட்டேன். வீடு திரும்பிய பின் ஆகும் மருந்துச் செலவும் பாலிசியில் உண்டு. ஆனால் 60 நாள் வரைதான். பாலிசிக்குப் பாலிசி இது 60, 90 என்று வேறுபடும். அவளை மருத்துவமனையிலிருந்து அனுப்பியது ஆகஸ்டு 31-ஆம் நாள். எண்ணிப் பார்த்தேன். 60-ஆம் நாள் தீபாவளிக்கு முந்தைய நாளில் முடிந்தது. 61-ஆம் நாள் தீபாவளி. அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் போட்ட மாத்திரையிலிருந்து, இனி ஆயுள் முழுதும் போடப்போகும் மாத்திரை வரை, எதற்கும் காப்பீடு இல்லை. லட்சக்கணக்கில் கொடுத்துப் பொருத்திய உறுப்பைக் காப்பாற்றும் மருந்துக்குக் கொடுக்க மாட்டோம் என்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மருத்துவமனையில் படுத்தால்தான் நோய் என்று எழுதிய ஆவணம் அது. கோயில் கட்டக் கொடை கொடுத்துவிட்டு, நித்திய பூசைக்கு நிலம் விடாமல் போன அரசன் எவனையாவது நம் கல்வெட்டுகளில் காண முடியுமா? விளக்கெரிக்கும் நெய்க்கு இத்தனை ஆடு என்றுகூட எழுதி வைத்தார்களே!

வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் சில பாலிசிகள் இப்போது உள்ளன. தொகை சிறிது, பிரீமியம் பெரிது. மாற்று அறுவை செய்துகொண்டவரைப் புதிதாகச் சேர்க்கப் பெரும்பாலும் முன்வருவதில்லை. ஆகவே கையில் உள்ள பழைய பாலிசியை விட்டுவிடாமல் காப்பதே வழி. இதில் ஓர் ஆறுதல் உண்டு: முன்பு பெருந்தொகை கொடுத்தோம் என்ற காரணத்துக்காக நிறுவனம் புதுப்பிக்க மறுக்க முடியாது. நாம் உரிய நாளில் பிரீமியம் கட்டினால் போதும். எங்கள் பாலிசிக்கு உரிய நாள் மார்கழியில் வருவதால், பஞ்சாங்கத்தில் திருவாதிரைக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி நீங்கியதும் முதியோர்க்கு ஒரு நிம்மதி.

2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், அவளுக்கு நுரையீரலில் தொற்று வந்தது. சென்னைக்குக் கொண்டுபோகும் நிலையில்லை. பக்கத்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தேன். ஒன்பது நாள். சென்னை மருத்துவர்கள் தொலைபேசியிலேயே வழிகாட்டினார்கள். பிழைத்தாள். ரூ. 1,86,000 கையிலிருந்து கட்டி, பில்களை எல்லாம் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. நோயாளிக்கு இரத்தக் கொதிப்பு பன்னிரண்டு ஆண்டாக இருக்கிறது, பாலிசி எடுத்தபோது அதை மறைத்துவிட்டீர்கள், எனவே தர இயலாது என்பது அதன் சாரம். இனிமேல் எதையும் தர மாட்டார்களோ என்ற அச்சம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அன்றிரவு அவளிடம் அதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆண்டு என்பது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். அந்த மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் அவ்வாறு எழுதியிருந்தது. சேர்த்த இரவில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவளிடம் பணியிலிருந்த இளைஞர் எத்தனை வருடமாக பி.பி. என்று கேட்க, அவள் பத்துப் பன்னிரண்டு என்று சொல்லியிருக்கிறாள். அவர் பெரியதை எழுதிக்கொண்டார். உண்மையில் அவளுக்குக் கொதிப்பு என்று கண்டு முதல் மாத்திரை எழுதியது 2015-ஆம் ஆண்டு. பாலிசி எடுத்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பின். அந்த முதல் மருந்துச் சீட்டு என்னிடம் இருந்தது. கணக்கு எழுதியவன் காகிதத்தை எறிய மாட்டான். தேதியும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் தெளிவாக இருந்தன. மறுநாளே அந்த மருத்துவமனைக்குச் சென்று, அவர்களிடமிருந்து திருத்தச் சான்று ஒன்றையும் எழுதி வாங்கினேன்.

அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன் ஒவ்வொரு வரியும் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக் கணக்கு தவறாக இருந்தால் அங்கேயே திருத்திக் கேளுங்கள். உறவினர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவதைவிட இது பெரிய உபகாரம்.

முறை இதுதான். முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். எழுதினேன்; அதே மறுப்பை வேறு சொற்களில் அனுப்பினார்கள். அவ்வாறு மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ஆம்பட்ஸ்மேன் என்பார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ளது. கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் தேவையில்லை. அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருக்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. பாலிசி நகல், மறுப்புக் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, 2015-ஆம் ஆண்டுச் சீட்டு, திருத்தச் சான்று எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, எண்ணிட்டு அனுப்பினேன்.

இன்னொரு விதியையும் எடுத்துக்காட்டினேன். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி தொடர்ந்து 60 மாதம் நடப்பில் இருந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலன்றி, முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை என்று காட்டி நிறுவனம் மறுக்க முடியாது. முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது. 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். எங்கள் பாலிசியோ அப்போது பன்னிரண்டாம் ஆண்டில் இருந்தது. எந்தக் கணக்கிலும் அவர்கள் மறுப்பு நிற்காது. இந்த விதி அவர்களுக்குத் தெரியாததன்று. பாதிப் பேர் மறுப்புக் கடிதத்தோடு ஓய்ந்துவிடுவார்கள் என்பது என் கருத்து. முதியவர்கள் இன்னும் விரைவில் ஓய்ந்துவிடுவோம்.

ஆடி மாதம் விசாரணை. நேரில் வரத் தேவையில்லை என்று காணொளி வழியாகவே நடத்தினார்கள். பேரன் கணினியைத் திறந்து வைத்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் சார்பில் பேசியவர் மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு என்றார். குறைதீர்ப்பாளர் என்னிடம் சீட்டின் தேதியைக் கேட்டார், பாலிசி தொடங்கிய தேதியைக் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. சில வாரத்தில் தீர்ப்பு வந்தது. நிறுவனம் 30 நாளுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும், நிறைவேற்றியது. கையுறை முதலிய சில்லறைகளைக் கழித்துக்கொண்டு மீதித் தொகை வங்கிக்கு வந்தது. “இது எத்தனை மாத மாத்திரைங்க?” என்று அவள் கேட்டாள். பதின்மூன்று மாதம் என்றேன். அப்போதுதான் மறுப்புக் கடிதம் வந்த இரவைப் பற்றியும் சொன்னேன். “உங்கள் முகத்திலேயே தெரிந்தது” என்றாள்.

பின் வந்தது மகாளய பட்சம். சிறுநீரகம் கொடுத்தவரைப் பற்றி அவள் அடிக்கடி பேசுவாள். ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ, எந்தச் சமயமோ தெரியாது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புத் தானம் பெறும் அரசுத் திட்டம் 2008-இல் தொடங்கியது. உறுப்புத் தானம் செய்தவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்த மரியாதையை அரசு செய்திருக்கும். “நாம் என்ன செய்தோம்?” என்று கேட்டாள். அந்த வீட்டாரைத் தேடிப் போகக் கூடாது. நன்றி சொல்ல முகவரி இல்லை.

மகாளய அமாவாசையன்று மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் தர்ப்பணம் செய்தபோது வாத்தியாரிடம் கேட்டேன். பெற்றோர் வழி முடித்த பின், குரு, நண்பர், உதவியவர் ஆகியோருக்குக் காருண்ய பித்ருக்கள் என்று எள்ளும் நீரும் விடுவது மகாளயத்தில் உள்ள வழக்கமே. பெயர் தெரியாதே என்றேன். அவர் சற்று யோசித்தார். “கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காச்யப கோத்திரம் சொல்லலாம். பேர் தெரியலேன்னா, மனசுல அவரை நினைச்சுண்டு விடுங்கோ” என்றார். அவர் வேறு சமயத்தவராக இருந்தால் என்று கேட்டேன். “அதனால என்ன, தாகத்துக்குத் தண்ணி எல்லாருக்கும்தானே” என்று கூறித் தர்ப்பையைச் சரிசெய்தார். மூன்றுமுறை நீர் விட்டேன். படித்துறையில் என் மனைவி முகக்கவசம் அணிந்து, கைகூப்பி, அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

வீடு திரும்பியபோது மணி எட்டரை. மாத்திரைக்கு இன்னும் அரைமணி இருந்தது.